அப்புச்சியோட இடிகம்பி

போன வாரம் பரண் மேல இருந்த பழைய சாமானை இறக்கும்போது ஒரு நீளக் கம்பி கிடைச்சது. "இது என்னப்பா, ஜன்னல் கம்பியா?"ன்னு எம் பொண்ணு கேட்டா. எங்க அப்புச்சி வெச்சிருந்த நாட்டுத் துப்பாக்கியோட இடிகம்பி அது. துப்பாக்கி கைவிட்டுப் போயி நாப்பது வருசம் ஆச்சு, கம்பி மட்டும் தங்கிடுச்சு.

நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டான்னு தனியா ஒண்ணு கிடையாது. குழாய் வாய் வழியா முதல்ல கருமருந்து, அதுமேல தேங்காய் நார், அப்புறம் ஈய ரவை, மறுபடி நார். எல்லாத்தையும் கம்பியால குத்தி இறக்கணும். ரவை மருந்தோட ஒட்டி உக்காரணும். நடுவுல சந்து விட்டா, ரவையைத் தள்ள வேண்டிய வேகம் குழாயையே பிளந்துடும். அப்புச்சி கம்பியில ஒரு கோடு கீறி வெச்சிருந்தார். கம்பியை உள்ளே விட்டா அந்தக் கோடு குழாய் வாய்க்கு நேரா நிக்கணும். நின்னாத்தான் துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்குவார். ஒருநாள் ராத்திரி அவசரத்துல கோட்டைப் பாக்காம சுட்ட அவரோட தம்பிக்கு இடது கையில ரெண்டு விரல் போச்சு. சின்ன வயசுல அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் சந்தைக்குப் போவேன்.

நம்ம கொங்குச் சீமையில தீரன் சின்னமலை கும்பினியோட மோதின காலத்துலயும் ரெண்டு பக்கமும் இப்படி வாய் வழியா இடிச்ச துப்பாக்கிதான். 1801 டிசம்பர் 1-ம் தேதி, பாளையக்காரங்க ஆயுதத்தை ஒப்படைக்கணும்னு கும்பினி அறிக்கை போட்டுச்சு. 1805-ல் சின்னமலையைச் சங்ககிரியில தூக்குல போட்டாங்க.

வாய் வழியா இடிக்கற துப்பாக்கிக்குக் காகிதத் தோட்டாவும் இருந்துச்சு. மருந்தும் ரவையும் ஒரே பொட்டலம். பல்லால கடிச்சுப் பிரிச்சு மருந்தைக் கொட்டி, ரவையை இடிக்கணும். வழுக்கி இறங்கறதுக்காகக் காகிதத்துல கொழுப்புத் தடவியிருந்தாங்க. அது மாட்டுக் கொழுப்பு, பன்னிக் கொழுப்புங்கற பேச்சுலதான் 1857-ல் வடக்கே சிப்பாய்ங்க கிளம்பினாங்க. ரவை ஒழுங்கா உக்காரணுங்கற ஒரு சின்ன விசயம் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்க! 1878-ல் ஆயுதச் சட்டம் வந்து நம்மாளுக லைசென்ஸ் வாங்கணும்னு ஆச்சு. வெள்ளைக்காரங்களுக்கு மட்டும் விலக்கு.

பித்தளைத் தோட்டா வந்தப்புறம் உக்கார வெக்கற வேலை தொழிற்சாலைக்குப் போயிடுச்சு. கூட்டோட வாயில ரவையை அளவான ஆழத்துக்கு இறக்கி, வாய் ஓரத்தை உள்பக்கமா நெரிச்சு விடறாங்க. அப்பத்தான் சுடற உதைப்புல, அடுத்து வரிசையில இருக்கற தோட்டாவோட ரவை நகராது. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நாட்டுத் துப்பாக்கியில ரவை முழுசா இறங்காட்டி ஆபத்து. தோட்டாவுல அளவுக்கு மேல இறங்கினா ஆபத்து, ஏன்னா மருந்துக்கு இடம் குறைஞ்சு அழுத்தம் ஏறிடும். வேட்டைக்குப் போற துரைமார் மேசை ஓரத்துல ஒரு சின்ன மெசினை மாட்டி, கைப்பிடியைச் சுத்திக் காகிதத் தோட்டாவோட வாயைத் தாங்களே மடிச்சுக்குவாங்க. அவங்களுக்கு அது பொழுதுபோக்கு.

அந்தத் தோட்டாவுக்கான புது மருந்து கார்டைட். 1889-ல் ஏபெல், டெவார்னு ரெண்டு விஞ்ஞானிங்க இங்கிலாந்துல கண்டுபிடிச்சது, புகையே அதிகம் வராது. அதைத் தயாரிக்க நமக்கு மேல நீலகிரியில அருவங்காட்டுல 1903 வாக்குல தொழிற்சாலை வந்துச்சு. 1899-ல் மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ரயில் விட்டிருந்தாங்க. 1908-ல் ஊட்டி வரைக்கும் நீட்டினப்போ தண்டவாளம் அருவங்காடு வழியாத்தான் போச்சு. இன்னிக்கும் அந்தப் பேர்ல ஸ்டேசன் இருக்கு.

சுதந்திரத்துக்கப்புறம் 1959-ல் போட்ட ஆயுதச் சட்டத்துல விவசாயிக்கு ஒரு இடம் விட்டிருக்காங்க. பயிரைக் காப்பாத்த வாய் வழியா இடிக்கற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம்னு 13-ம் பிரிவு சொல்லுது. அப்புச்சி வெச்சிருந்தது அதுலதான். எலெக்சன் வந்தா ஸ்டேசன்ல ஒப்படைச்சு, முடிஞ்சதும் வாங்கிட்டு வருவார். அவர் போனப்புறம் புது லைசென்ஸுக்கு யாரும் எழுதிப் போடலை. விரல் போன சின்ன அப்புச்சி வேண்டவே வேண்டாம்னுட்டார். அவர் சொன்னது சரியா தப்பான்னு மக்காச்சோளம் சாயற ஒவ்வொரு ராத்திரியும் எனக்குள்ள ஒரு வழக்கு ஓடும்.

இந்த வருசம் காட்டுப்பன்னி முக்கால் ஏக்கரை உழுதுட்டுப் போயிடுச்சு. பழைய சேலையைச் சுத்திக் கட்டிப் பாத்தாச்சு. இப்ப ராத்திரியில தகர டின்னைத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். தட்டறது அந்தக் கம்பியிலதானுங்க.