எலும்பின் பெயரும் எளியோர் மொழியும்

விழிதியூர்ப் பிள்ளைகளிடம் ஒரு நாள், “கிளாவிக்கிள் எங்கே உளது?” என்று வினவினோம். பெயரைப் பிழையின்றி ஒப்பித்தனர். இடத்தைக் காட்டினார் இலர். “காறை எலும்பு” என்றோம். அத்துணைக் கைகளும் கழுத்தடிக்கு விரைந்தன! பாட்டி அணிந்த காறை எங்கே தங்கும் என்பதை அறியாத பிள்ளை உண்டோ?

தமிழுக்கு அறிவியலைத் தாங்கும் வலுவில்லை என்பார்க்கு இஃதொன்றே விடையாகும். ஆயினும் வரலாற்றையும் சற்றே புரட்டுவோம்.

கிளாவிக்கிள் ஆங்கிலேயர் ஆக்கிய சொல்லா? அன்று. சிறு திறவுகோல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அது. கணைக்கால் எலும்பாகிய ‘திபியா’ குழலைக் குறிப்பது. முழங்காற் சில்லாகிய ‘பட்டெல்லா’ சிறு தட்டைக் குறிப்பது. அடுக்களையிலும் ஆடரங்கிலும் கண்ட பொருள்களின் பெயர்களே அவை! இத்தாலியர் முதற்சொல்லைக் ‘கிளாவிகோலா’ எனத் தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்டனர். முழங்காற் சில்லுக்கோ, சிறு சக்கரம் எனப் பொருள்படும் ‘ரோத்துலா’ என்னும் பெயரைக் கொண்டனர். அதனால் அவர்தம் மருத்துவம் அழிந்துவிடவில்லை.

தமிழிலும் ஒருவர் முயன்றார். அவர் தமிழரல்லர். 1822இல் அமெரிக்காவில் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் பயிற்றினார். 1864 முதல் தமிழிலேயே பயிற்றினார். இலண்டனில் 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், 14 ஆண்டுகளில், 1872இல், ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழில் வெளிவந்தது. கடல் கடந்து வந்தவர்க்குக் கைகூடியது, இம்மண்ணில் பிறந்தோர்க்குக் கைகூடாதோ?

அந்நூற்பெயரில் வடசொல் மிகுந்திருப்பது உண்மையே. அதற்காக அப்பெரியார்மீது பழி சுமத்தோம். பண்டிதர் நடை அன்று அவ்வாறிருந்தது. காறையும் சில்லும் மக்கள் நாவில் வாழ்ந்திருக்க, அவற்றை ஏட்டில் ஏற்றத் தயங்கிய கற்றோரே நாணுதற்குரியர்.

மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் ஆங்கிலமே ஆள்கிறது. வயல் வரப்பில் வழுக்கி விழுந்த உழவன் மருத்துவமனைக்கு வருகிறான். முறிந்தது அவன் எலும்பு, வலிப்பதும் அவனுக்கே, அதன் பெயர் மட்டும் அவனுக்கு அயலாக இருத்தல் அறமா?

ஆங்கிலத்தை விரட்டுக என்றோமில்லை. அயல் நூல்களைக் கற்போம். கற்றதை உழவனுக்கும் விளங்கும் தமிழில் உரைப்போம். மக்கள் தொட்டுக் காட்டும் சொல்லே மக்களைக் காக்கும் சொல்!