ஸ்மால்னா எவ்வளவு சின்னது?

மகளுக்கு இந்த செமஸ்டரில் மைக்ரோபிராசசர் லேப். இங்கே புனேயிலும் அதே 8086தான். போன வாரம் ரெக்கார்டு நோட்டை நீட்டி, "எல்லா ப்ரோகிராமிலும் முதல்ல '.மாடல் ஸ்மால்'னு எழுதச் சொல்றாங்கப்பா. ஸ்மால்னா எவ்வளவு சின்னது?" என்றாள்.

நானும் எழுதியவன்தான், கேட்டதில்லை. ஊரில் செய்முறைத் தேர்வன்று, டேட்டா செக்மென்ட்டை டிஎஸ் ரிஜிஸ்டரில் ஏற்றும் அந்த இரண்டு வரியை விட்டுவிட்டேன். திரையில் என் பெயருக்குப் பதில் பூச்சி பூச்சியாகக் குறிகள். மார்க் போச்சு :-(

சரி, கதைக்கு வருவோம். 1970களின் நடுவில் இன்டெல் பெரிதாக நம்பியிருந்தது ஐஏபிஎக்ஸ் 432 என்ற சிப்பை. அது தாமதமானதால், இடைக்கால ஏற்பாடாக அவசரமாக உருவானது 8086. கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தவர் ஸ்டீபன் மோர்ஸ். 1978ல் வெளிவந்தது. 432 ஒருவழியாக 1981ல் வந்து, விலைபோகாமல் மறைந்தது. (இரண்டே வருஷம் என்று சொல்லி புனே வந்த எனக்கு இடைக்கால ஏற்பாடுகளைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம்.)

பழைய 8080 ப்ரோகிராம்களை எளிதாக மாற்றிக்கொள்ள முடியவேண்டும். நினைவகமும் கூட வேண்டும். 16 பிட் ரிஜிஸ்டரால் 65,536 பைட்டைத்தான் எட்ட முடியும். அதனால் செக்மென்ட் எண்ணை 16ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினார்கள். 20 பிட் முகவரி, 1 எம்பி. தெருப் பெயரும் கதவு எண்ணும் மாதிரி. ஆனால் தெருக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். ஹெக்ஸில் 1000:0010, 1001:0000 இரண்டும் ஒரே வீடு!

இந்தத் தெருக்களைப் பங்கிடுவதுதான் மெமரி மாடல். டைனியில் எல்லாமே ஒரே 64 கேபிக்குள். ஸ்மாலில் கோடுக்கு ஒன்று, டேட்டாவும் ஸ்டாக்கும் சேர்ந்து ஒன்று. மீடியம் என்றால் கோடுக்குப் பல, காம்பாக்ட் என்றால் டேட்டாவுக்குப் பல, லார்ஜில் இரண்டுக்கும் பல. எப்போதும் லார்ஜே போட்டால் என்ன? ஒவ்வொரு முகவரியும் 2 பைட்டிலிருந்து 4 ஆகும், வேகமும் குறையும்.

1987ல் மாஸ்ம் 5.0 இதை ஒற்றை வரியாக்கியது. அதற்கு முன் ஒவ்வொரு செக்மென்ட்டையும் கையால் விவரித்து எழுதவேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதற்குள் 80386 வந்தே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே செக்மென்ட்டில் 4 ஜிபி! டாஸில் இருந்த நாங்கள்தான் 64 கேபியிலேயே குடியிருந்தோம். இன்றைய 64 பிட் மாஸ்மில் அந்த வரிக்கே இடமில்லை.

"64ம் 64ம் 128 கேபிம்மா" என்றேன். ரெக்கார்டு நோட்டைப் போட்டோ எடுத்துத் தோழிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இந்த ஒரு போட்டோவே 3 எம்பிப்பா!"