பூட்டும் கீலும் சொல்லும் வரலாறு



"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்று நம் பெரியோர் சொல்லுவார்கள். தேரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அச்சாணியை யார் பார்க்கிறார்கள்? வீட்டுக் கதவும் அப்படித்தான். கதவின் அழகைப் பார்க்கிறோம்; அதைத் தாங்கும் கீலையும், காக்கும் பூட்டையும் அவை கெட்டுப் போகிற நாளில்தான் நினைக்கிறோம்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, இன்னைக்கு வேலைக்குப் போக முடியல. வாசக் கதவு பூட்டவே மாட்டேங்குது. கைப்பிடியைத் தூக்கினா பாதியிலேயே நிக்குது. வீட்டைத் திறந்து போட்டுட்டு எப்படிப் போறது?" என்றான். அது குளிர் நாட்டுக்கே உரிய இரட்டைக் கண்ணாடிக் கதவு. கம்பெனி ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சட்டத்தோடு முழுக் கதவையும் மாற்ற வேண்டும் என்றாராம். கேட்ட விலை அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

மறுநாள் அக்கம்பக்கத்தார் சொல்லி, வயதான பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்தார். கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தார். வெண்ணெய் போல் வழுக்கிக்கொண்டு வேலை செய்தது. "பூட்டுல ஒரு கோளாறும் இல்லை, கதவுதான் தொங்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டு, ஆறு பட்டைச் சாவி ஒன்றால் கீல்களைச் சற்றே திருகினார். கதவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே ஏறியது. பூட்டு விழுந்தது. அரை மணி நேர வேலை!

"பழுது எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?" என்று நான் யோசித்தேன். அந்த யோசனையில் பிறந்ததே இந்தக் கட்டுரை.

மரப்பூட்டும் குடுமிக் கதவும்

பூட்டின் வரலாறு மிகப் பழமையானது. இன்றைய ஈராக்கில் கோர்சாபாத் என்னும் இடத்தில் அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் அரண்மனை இடிபாடுகளில் மரப்பூட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அந்த அரண்மனை ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முற்பட்டது. பண்டைய எகிப்திலும் இவ்வகைப் பூட்டு வழங்கியது.

அதன் அமைப்பு எளிமையானது. கதவின் தாழ்ப்பாள் ஒரு மரக்கட்டை. அதில் சில துளைகள் உண்டு. மேலேயுள்ள பெட்டியிலிருந்து சிறு மரமுளைகள் தம் எடையாலேயே அத்துளைகளில் விழுந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்ளும். சாவி பல் துலக்கும் பிரஷ் போல இருக்கும். அதை உள்ளே விட்டுத் தூக்கினால் முளைகள் மேலே போகும், தாழ்ப்பாள் நகரும். அவ்வளவுதான்! மாணவர்களே, இந்த முளைகளை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் பின்பகுதியில் மீண்டும் வரும்.

அந்நாளில் இரும்புக் கீல் இல்லாத கதவுகள் பல. கதவின் ஓரத்தில் மேலும் கீழும் ஒரு குடுமி இருக்கும். அது கல்லில் குடைந்த குழியில் நின்று சுழலும். நம் பழைய கோயில்களில் இன்றும் இத்தகைய கதவுகளைக் காணலாம். குடுமி தேய்ந்தால் கதவு தொங்கும். அக்காலத்துக் கதவுக்கும் என் அக்காள் மகன் வீட்டுக் கதவுக்கும் நோய் ஒன்றே எனலாம்.

இருநூறு கினிப் பரிசு

பரிசளிப்பு விழா மலர் அல்லவா? ஒரு பரிசின் கதையைக் கேளுங்கள்.

ஜோசப் பிராமா என்பவர் 1748-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். இளமையில் காலில் அடிபட்டதால் வயல் வேலை செய்ய இயலாமற்போய், தச்சரிடம் தொழில் பழகினார். பிறகு லண்டனுக்குச் சென்று, 1784-இல் புதுவகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பிக்காடிலியில் இருந்த தம் கடையின் சன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, "இதைச் சாவியில்லாமல் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு" என்ற பொருளில் அறிவிப்பும் வைத்தார். அதனுள்ளே 18 நகரும் தகடுகள் இருந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவராலும் அதைத் திறக்க முடியவில்லை.

பிராமாவின் பெயரை உலகம் அறியும். ஆனால் அந்தப் பூட்டைத் தம் கையால் செய்தவர் யார்? ஹென்றி மாட்ஸ்லி என்னும் இளைஞர். பன்னிரண்டு வயதிலேயே வெடிமருந்துச் சாலையில் வேலைக்குப் போனவர் அவர். பதினெட்டு வயதில் பிராமாவின் பட்டறையில் சேர்ந்து, விரைவில் தலைமைத் தொழிலாளி ஆனார். வாரச் சம்பளம் 30 ஷில்லிங். குடும்பம் பெருகியதால் கூடுதல் கேட்டார். முதலாளி மறுத்துவிட்டார். 1797-இல் மாட்ஸ்லி வெளியேறிச் சொந்தப் பட்டறை வைத்தார்.

ஒரு கினிக்கு 21 ஷில்லிங். அப்படியானால் 200 கினி என்பது 4,200 ஷில்லிங். மாட்ஸ்லியின் சம்பளக் கணக்கில் அது 140 வாரக் கூலி! சன்னலில் தொங்கிய பூட்டுக்கு அவ்வளவு பரிசு சொன்ன முதலாளிக்கு, அதைச் செய்த கைக்குச் சம்பளம் ஏற்றிக் கொடுக்க மனம் வரவில்லை. கூலி உயர்வுக்காகப் போராடிய தோட்டத் தொழிலாளர் பரம்பரைக்கு இது புரியாத கதையா?

மாட்ஸ்லி சோர்ந்து உட்காரவில்லை. திருகாணி வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். இன்று கீலுக்கு வேண்டிய ஸ்குரூவை ஒரே அளவில் கடையில் வாங்க முடிகிறதென்றால், அதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

பரிசு கைமாறிய ஆண்டு

1817-இல் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் கள்ளச் சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். அரசாங்கம் நல்ல பூட்டுக்கு 100 பவுண்டு பரிசு அறிவித்தது. ஜெரமையா சப் என்பவர் 1818-இல் அதற்கேற்ற பூட்டைச் செய்தார். கள்ளச் சாவி போட்டால் அது இறுகிக்கொண்டு காட்டிக் கொடுத்துவிடும். பூட்டுத் தொழில் தெரிந்த கைதி ஒருவனிடம், "திறந்தால் உனக்கு விடுதலை" என்று சொல்லிக் கொடுத்தும் அவனால் முடியவில்லை.

1851-இல் லண்டனில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற பூட்டு வல்லுநர் வந்தார். சப்பின் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடத்தில் திறந்தார். பிராமாவின் பூட்டோடு 16 நாள், மொத்தம் 51 மணி நேரம் போராடி அதையும் திறந்துவிட்டார்! இருநூறு கினியும் அவருக்கே போயிற்று. அந்தப் பூட்டு இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "நம்மை மிஞ்ச ஆளில்லை" என்று இருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் லைனஸ் யேல் என்ற மகன், அதே பெயருடைய தந்தையின் வேலையைத் தொடர்ந்து, சிறிய தட்டைச் சாவி கொண்ட உருளைப் பூட்டைச் செம்மைப்படுத்தினார். அதன் உள்ளே இருந்தவை என்ன? அதே முளைகள்! மரத்துக்குப் பதில் உலோகம். எடையால் விழுவதற்குப் பதில் சுருள்வில் தள்ளுகிறது. இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் சாவியின் பற்கள் அசீரிய மன்னன் காலத்து வேலையைத்தான் செய்கின்றன.

கூன் விழுந்த ஊர்

கண்டுபிடித்தவர்களின் பெயர் கிடைத்துவிட்டது. இலட்சக்கணக்கில் பூட்டு செய்தவர்கள் யார்?

இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் அருகே வில்லன்ஹால் என்றொரு ஊர். வீட்டுக்கு வீடு பூட்டுப் பட்டறை. 1840-களின் தொடக்கத்தில் அரசாங்கம் அனுப்பிய குழந்தைத் தொழில் விசாரணைக் குழு, அங்கே சிறுவர்கள் விடிந்தது முதல் இருட்டும் வரை அரம் பிடித்து உழைத்ததை எழுதி வைத்திருக்கிறது. இடுக்கிமேல் எந்நேரமும் குனிந்து இராவியதால் தோள் ஒருபக்கம் தூக்கி, முதுகு கூனிப் போனது. "கூனர் நாடு" என்ற பொருளில் அந்த ஊருக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. ஊரார் வீட்டுக்கெல்லாம் காவல் செய்துகொடுத்த பிள்ளைகளின் உடம்புக்குக் காவல் இல்லை.

நம் தமிழ்நாட்டுத் திண்டுக்கல்லும் கைவேலைப் பூட்டுக்குப் பேர்போனது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் இயந்திரப் பூட்டுகளின் மலிவு விலைக்கு முன்னால் கைத்தொழில் நலிந்துவிட்டது.

இரண்டு கண்ணாடியும் நடுவில் காற்றும்

இங்கிலாந்தில் 1696 முதல் சன்னல்களுக்கு வரி இருந்தது. வரிக்குப் பயந்து பலர் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஹாப்ஸ் பூட்டைத் திறந்த அதே 1851-இல்தான் அந்த வரியும் ஒழிந்தது. வெளிச்சம் வந்தது; கூடவே குளிரும் வந்தது.

ஒற்றைக் கண்ணாடி வழியே வீட்டின் வெப்பம் வெளியே ஓடிவிடும். இரண்டு கண்ணாடிகளை இடைவெளி விட்டு ஓரங்களை அடைத்துவிட்டால், நடுவில் அடைபட்ட காற்று போர்வை போல் தடுக்கும். 1865-இல் நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஸ்டெட்சன் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1950-களில் ஜெர்மனியில் பிளாஸ்டிக் சட்டச் சன்னல்கள் வந்தன. 1973-இல் எண்ணெய் விலை ஏறி, கணப்புச் செலவு கையைச் சுட்டபோது ஐரோப்பாவில் இரட்டைக் கண்ணாடிக்கு மவுசு கூடிற்று. பிரிட்டனில் 1970, 80-களில் வீடு வீடாக வந்து விற்றார்கள்.

இரண்டு கண்ணாடி என்றால் இரட்டை எடை. அதைத் தாங்குவது யார்? அதே கீல்தான். காற்றுப் புகாமல் இறுக்கிப் பிடிக்கவும் ஒரு தாழ்ப்பாள் போதாது. ஆகவே கதவின் ஓரம் நெடுக ஓர் இரும்புப் பட்டை வைத்தார்கள். கைப்பிடியைத் தூக்கினால் மேலும் கீழும் நடுவிலும் உள்ள கொக்கிகள் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ளும்.

பழுது எங்கே?

இப்போது அந்தப் பெரியவரின் இரகசியம் புரியும். நாளாக ஆகக் கதவு தன் எடையால் தொங்குகிறது. கொக்கிகள் தமக்குரிய துளையில் விழாமல் சட்டத்தில் முட்டுகின்றன. நாமோ "என்னடா சனியன்!" என்று கைப்பிடியைப் பலம் கொண்ட மட்டும் தூக்குகிறோம். நடுவிலுள்ள சிறு கியர் பெட்டி உடைகிறது. கீலுக்கு வந்த நோய்க்குப் பூட்டு பலியாகிறது! திறந்த நிலையில் சரியாக வேலை செய்து, மூடினால் மட்டும் தகராறு செய்தால், குற்றம் பெரும்பாலும் பூட்டில் இல்லை. கதவு நிற்கும் நிலையில் இருக்கிறது. திறந்திருக்கும்போதும் சிக்கினால் கியர் பெட்டியைப் பார்க்கலாம். அதை மட்டும் மாற்றவும் வழியுண்டு.

மற்றவையும் இப்படித்தான். கைப்பிடி தொங்கினால் உள்ளிருக்கும் சுருள்வில் போயிருக்கும். சன்னல் கீல் இறுகினால் பெரும்பாலும் அழுக்கு. துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே பல சமயம் போதும். சாவித் துளைக்குள் கிரீஸ் மட்டும் அப்பக் கூடாது. தூசி ஒட்டி முளைகள் சிக்கிக்கொள்ளும். பென்சில் கரிபோன்ற கிராஃபைட் தூள் போதும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பனி மூட்டம் தெரிந்தால், ஓர அடைப்பு விட்டுப் போயிற்று என்று பொருள். கண்ணாடியை மட்டும் மாற்றலாம். சட்டத்தைப் பெயர்க்க வேண்டியதில்லை. இரட்டைக் கண்ணாடி இல்லாத நம் வீட்டுக் கதவுக்கும் இவற்றில் பாதி பொருந்தும்.

ஒன்று சொல்ல வேண்டும். சிக்கும் பூட்டை "அப்புறம் பார்ப்போம்" என்று விடுவது ஆபத்து. தீப்பிடித்த நேரத்தில் திறக்காத கதவு நம்மைக் காக்காது, சிறை வைக்கும்.

முடிவாக

தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கு என்பது இக்காலப் போக்கு. எது கெட்டது, எது கெடவில்லை என்று பிரித்தறிவது படிப்பு. அந்தப் பெரியவர் கையில் இருந்தது ஒரு சிறு சாவிதான். அவர் தலையில் இருந்ததோ மூவாயிரம் ஆண்டு அனுபவத்தின் ஒரு துளி.

பெற்றோர்களே, பிள்ளை பழைய பூட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தால், "படிக்காம என்னத்தடா நோண்டுற?" என்று உடனே அதட்டாதீர்கள். அதுவும் பாடம்தான். திரும்பப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், அது தேர்வு.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்குவோருக்கு என் வாழ்த்துகள். வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இருநூறு கினிப் பூட்டைச் செய்த மாட்ஸ்லிக்குக் கேட்ட கூலிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் கற்ற தொழில் அவரைக் கைவிடவில்லை. உங்கள் கையையும் அறிவையும் ஒன்றாகப் பழக்குங்கள். நாளை ஏதோ ஒரு வீட்டில், திறக்காத கதவுக்கு முன்னால் ஒருவர் திகைத்து நிற்பார். அப்போது அவருக்குத் தேவைப்படுபவர் நீங்களாக இருக்கலாம்.