இரவல் சான்றுகள்: பகுப்பாய்வு உளவியலும் பிற துறைகளின் தீர்ப்புரிமையும்

கார்ல் குஸ்தாவ் யுங்கின் பகுப்பாய்வு உளவியலை இன்றைய உளவியல் பாடத்திட்டங்களில் தேடினால், ஆளுமைக் கோட்பாடுகள் என்ற அலகில் சில பக்கங்கள் கிடைக்கும். இலக்கியத் திறனாய்விலும் சமயவியலிலும் நாட்டார் வழக்காற்றியலிலும் திரைப்பட ஆய்விலுமோ தொல்படிமம் (மனித மனத்துக்குப் பொதுவான மூலப் படிமம்), கூட்டு நனவிலி (தனி அனுபவத்தைக் கடந்து எல்லாருக்கும் பொதுவான நனவிலி), நிழல் (ஒருவர் தம்முள் ஏற்க மறுக்கும் பகுதி) ஆகிய கருத்துகள் அன்றாடப் புழக்கத்தில் உள்ளன. பிறந்த வீட்டில் ஓரத்திலும் புகுந்த வீடுகளில் கூடத்திலும் உட்கார வைக்கப்பட்டிருக்கும் இந்த நிலைக்கு வலுவான காரணம் உண்டு. யுங் தம் கருதுகோள்களுக்கான சான்றுகளில் பெரும்பகுதியை மருத்துவமனைக்கு வெளியே திரட்டினார். கிரேக்கச் சுவடி, ரசவாத நூல், சீன யோக நூல், இந்தியத் தாந்திரிகம், குவாண்டம் இயற்பியல் என்று அவர் கை நீளாத இடம் குறைவு.

இக்கட்டுரை ஒரே ஒரு வாதத்தை முன்வைக்கிறது. பிற துறையிலிருந்து சான்றை எடுப்பவர், அச்சான்றைச் சோதிக்கும் அத்துறையின் முறைக்கும் கட்டுப்பட்டாக வேண்டும். பகுப்பாய்வு உளவியல் அப்படிக் கட்டுப்பட்ட இடங்களில் நிலைத்த ஆய்வைத் தந்தது. நழுவிய இடங்களில் அதன் புகழ்பெற்ற சான்றுகளே உதிர்ந்தன.

முதலில் உறுதியான அடித்தளத்தைச் சொல்லிவிட வேண்டும். 1900 டிசம்பரில் சூரிச்சின் பர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் யூஜென் ப்ளாய்லரின் கீழ் பணியில் சேர்ந்த யுங், ஃபிரான்ஸ் ரிக்லினுடன் சேர்ந்து சொல் தொடர்புச் சோதனையை வளர்த்தெடுத்தார். நூறு சொற்கள் கொண்ட பட்டியல். ஆய்வாளர் ஒரு சொல்லைச் சொல்வார். கேட்பவர் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லைச் சொல்ல வேண்டும். நொடியில் ஐந்தில் ஒரு பங்கைக் காட்டும் கடிகாரத்தால் நேரம் அளக்கப்படும். பட்டியல் முடிந்ததும் முன்பு சொன்ன பதில்களையே மீண்டும் சொல்லும்படி கேட்பார்கள். தயக்கம் எங்கே, மறதி எங்கே, பதில் எங்கே மாறியது என்று குறித்துக்கொண்டே வந்தால், உணர்ச்சி ஏறிய ஒரு கருத்துத்திரள் அடியில் கிடப்பது தெரியவரும். யுங் அதைத்தான் மனச்சிக்கல் என்றார். 1904 முதல் வெளியான இவ்வாய்வுகளும், ஃபிரடெரிக் பீட்டர்சனுடன் சேர்ந்து தோலின் மின்தடை மாற்றத்தை அளந்து 1907இல் வெளியிட்ட கட்டுரையும் எவரும் திரும்பச் செய்து பார்க்கக்கூடியவை. அதே சோதனையை மூளைப் படிமக் கருவிக்குள் வைத்துச் செய்யும் ஆய்வுகள் நம் காலத்திலும் வருகின்றன. யுங்கின் பணியில் இதற்குக் கிடைக்கும் கவனம் குறைவு என்பது என் துணிபு.

சிக்கல் தொடங்குவது அடுத்த கட்டத்தில். கூட்டு நனவிலிக்கு யுங் வாழ்நாள் முழுதும் எடுத்துக்காட்டிய சான்று, பர்க்ஹோல்ஸ்லியில் இருந்த ஒரு நோயாளியின் காட்சி. அவர் எழுத்தர் வேலை பார்த்தவர், அதிகம் படிக்காதவர். கண்களை இடுக்கிச் சூரியனைப் பார்த்தால் அதற்கு ஆண்குறி இருப்பது தெரியும், தலையை இப்படியும் அப்படியும் அசைத்தால் அதுவும் அசையும், காற்று பிறப்பது அதிலிருந்துதான் என்று அவர் சொன்னார். பிறகு யுங், ஆல்பிரெக்ட் டீட்டெரிச் பதிப்பித்த ‘மித்ரஸ் வழிபாட்டு நூல்’ என்ற கிரேக்கப் பனுவலைப் படித்தார். அதில் சூரிய வட்டிலிலிருந்து ஒரு குழல் தொங்குகிறது. காற்று அதிலிருந்தே வருகிறது. நோயாளியின் காட்சி 1906ஐச் சேர்ந்தது, நூல் வெளியானது 1910இல், எனவே படித்து மறந்தது திரும்பி வந்திருக்க வழியில்லை என்பது யுங்கின் வாதம். 1959இல் பிபிசி தொலைக்காட்சி நேர்காணலிலும் இதை அவர் விவரித்தார்.

இது பனுவலை வைத்துச் செய்த வாதம். ஆகவே பனுவலியலின் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். முதல் கேள்வி பதிப்பைப் பற்றியது. 1910 என்பது இரண்டாம் பதிப்பு; முதற்பதிப்பு 1903இலேயே வந்துவிட்டது. இதை யுங்கின் தொகுப்பு நூல்களின் அடிக்குறிப்பே ஒப்புக்கொண்டு, நோயாளி 1903க்குச் சில ஆண்டுகள் முன்பே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுவிட்டார் என்று சமாதானமும் சொல்கிறது. இரண்டாவது, கண்டு சொன்னவர் யார்? 1911–12இல் வெளியான நூலில், இக்காட்சியைக் கண்டறிந்தவர் தம் உதவியாளர் ஜோஹன் ஹோனெகர் என்று யுங்கே எழுதினார். ஹோனெகர் 1911இல் தற்கொலை செய்துகொண்டார். பின்னாளைய எழுத்துகளில் அவர் பெயர் மறைந்து, கண்டவர் யுங் என்றே ஆகிவிடுகிறது. மூன்றாவது கேள்வி பனுவலின் இயல்பைப் பற்றியது. அது எகிப்தில் கிடைத்து இன்று பாரிஸில் இருக்கும், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய மந்திரச் சுவடியின் ஒரு பகுதி. அதை மித்ரஸ் வழிபாட்டோடு டீட்டெரிச் இணைத்ததை மித்ரஸ் சமய ஆய்வின் முன்னோடியான ஃபிரான்ஸ் க்யுமோன் அன்றே மறுத்தார். இவற்றோடு, இத்தகைய சூரியக் குறியீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புராணவியல் நூல்களிலும் பிரம்மஞான வெளியீடுகளிலும் பொதுமக்கள் கைக்கு எட்டும்படி இருந்தன என்று ரிச்சர்ட் நோல் 1994இல் வாதிட்டார். நோலின் மற்ற முடிவுகள் பலவற்றைச் சோனு ஷம்தாசானி ஆவணங்களைக் கொண்டு கடுமையாக மறுத்திருக்கிறார். அம்மறுப்பு பெரிதும் நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனாலும் இந்த ஒரு சான்றைப் பொறுத்தவரை, காட்சி நோயாளியின் மனத்துக்குள் எந்த வழியாக வந்தது என்பதைத் தீர்மானிக்க நம்மிடம் வழியில்லை. கருதுகோள் பொய்யாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் இச்சான்று அதைத் தாங்காது.

இதற்கு நேர்மாறான உதாரணம் இயற்பியலாளர் வுல்ஃப்காங் பவுலி வானியலாளர் கெப்ளரைப் பற்றி எழுதிய கட்டுரை. 1930களின் தொடக்கத்தில் மனநெருக்கடியோடு யுங்கிடம் வந்த பவுலி, பின்னர் அவருடன் கால் நூற்றாண்டு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1952இல் இருவரும் ஒரே நூலில் தனித்தனிக் கட்டுரைகளை வெளியிட்டார்கள். பவுலியின் கேள்வி துல்லியமானது: சூரியனை மையமாகக் கொண்ட கோட்பாட்டைக் கெப்ளர் அத்தனை உறுதியோடு ஏற்க அவருடைய அகப்படிமம் ஏதும் காரணமாக இருந்ததா? கெப்ளருக்குக் கோளம் திரித்துவத்தின் உருவம்: மையம் தந்தை, மேற்பரப்பு மகன், இடைவெளி தூய ஆவி. இதைப் பவுலி ஊகித்துச் சொல்லவில்லை. கெப்ளரின் நூல்களிலிருந்தே காட்டுகிறார். அடுத்து, கெப்ளரோடு வாதிட்ட ராபர்ட் ஃப்ளட்டை எதிர்நிறுத்தி, நான்மை (நான்கு கூறுகளாலான முழுமை) என்ற வேறொரு படிமம் ஒருவரை எப்படி அளவீட்டு அறிவியலிலிருந்து விலக்கி வைத்தது என்று விளக்குகிறார். லத்தீன் மூலங்களுக்கு மரி லூயிஸ் வான் ஃபிரான்ஸின் உதவியையும், கலை வரலாற்றுக்கு எர்வின் பனோஃப்ஸ்கியின் ஆலோசனையையும் பெற்றார். அறிவியல் வரலாற்றாளர் எவரும் இக்கட்டுரையை மூலங்களோடு ஒப்பிட்டு ஏற்கலாம், மறுக்கலாம். தொல்படிமம் இங்கே முடிவாக அறிவிக்கப்படவில்லை. தேடலுக்குத் திசை காட்டுகிறது. துறைகடந்த யுங்கிய ஆய்வு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரியை நான் அறியேன்.

அதே நூலின் மற்றொரு பாதி மிகவும் வேதனை தருவது. காரணத் தொடர்பின்றிப் பொருளால் மட்டும் நிகழ்வுகள் இணையக்கூடும் என்னும் ஒத்திசைவுக் கோட்பாட்டுக்கு ஆதரவாக யுங் திருமணத் தம்பதியரின் பிறப்பு ஜாதகங்களைத் திரட்டினார். முதல் தொகுதியில் 180 தம்பதிகள். ஒவ்வொருவரையும் மற்ற அனைவரின் துணையோடும் இணைத்தால் கிடைக்கும் 32,220 மணமாகாச் சேர்க்கைகள் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டன. முதல் தொகுதியில் மனைவியின் சந்திரனும் கணவனின் சூரியனும் கூடும் சேர்க்கை மேலே வந்தது. 220 தம்பதிகள் கொண்ட அடுத்த தொகுதியில் சந்திரனும் சந்திரனும். 83 தம்பதிகள் கொண்ட மூன்றாம் தொகுதியில் சந்திரனும் லக்னமும். மூன்றுமே மேலைச் சோதிட மரபு திருமணத்துக்கு உரியவையாகச் சொல்பவை. ஆனால் 483 தம்பதிகளையும் ஒன்றாக வைத்தால் தற்செயலுக்கு மேல் எதுவும் மிஞ்சவில்லை. கணக்கைப் பார்த்துக் கொடுத்தவர் இயற்பியலாளர் மார்க்குஸ் ஃபியர்ஸ். யுங் எண்களை மறைக்கவில்லை. அந்த நேர்மைக்கு அவரை மதிக்க வேண்டும். ஆனால் அடுத்து அவர் செய்தது புள்ளியியலின் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. சிறு தொகுதிகளில் சாதகமான முடிவு வந்ததே, ஆய்வாளரின் எதிர்பார்ப்போடு நிகழ்ந்த ஓர் ஒத்திசைவு என்றார். முடிவு வந்தாலும் கோட்பாட்டுக்குச் சான்று, கரைந்தாலும் சான்று என்றால் சோதனைக்கே இடமில்லாமல் போகிறது.

நழுவிய இடங்களில் மூன்றாவதாக நான் எடுத்துக்கொள்வது நம் ஊரோடு தொடர்புடையது. இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்காக 1937 டிசம்பரில் யுங் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பயணம் முழுக்க அவர் படித்துக்கொண்டிருந்தது லத்தீன் ரசவாதத் தொகுப்பு ஒன்றின் முதல் பாகம். இந்தியவியலாளர் ஹைன்ரிச் ஸிம்மர் திருவண்ணாமலை ரமணரைப் பெரிதும் போற்றியவர். ஆனாலும் யுங் திருவனந்தபுரம் வரை வந்தார், ரமணரைக் காணத் திருவண்ணாமலைக்கு வரவில்லை. 1943இல் ஸிம்மர் இறந்த பிறகு ரமணரைப் பற்றிய அவருடைய நூலை 1944இல் சூரிச்சில் பதிப்பித்து முன்னுரை எழுதியபோது யுங் இதற்கு விளக்கம் தருகிறார். ரமணர் ஒரு வகைமாதிரி. அவரைப் போன்றவரை இந்திய வாழ்வில் எங்கும் காணலாம். ஆகவே நேரில் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. திருவனந்தபுரத்தில் ரமணரின் சீடர் ஒருவரை, பிள்ளைகள் பலரைப் பெற்ற பள்ளி ஆசிரியர் போன்ற எளிய மனிதரை, சந்தித்ததே போதும் என்றும் அவருக்குத் தோன்றியது.

நூலை எழுதிய ஸிம்மரும் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ரமணரின் முதன்மையான எழுத்துகள் தமிழில் உள்ளவை. ‘நான் யார்?’ சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளிலிருந்து உருவானது. ‘உள்ளது நாற்பது’ 1928இல் வெண்பாவில் அமைந்தது. கேட்டவர் யார், எந்தச் சூழலில் கேட்டார், விடை எந்த யாப்பில் எந்த மரபோடு உரையாடுகிறது என்ற கேள்விகள் இல்லாமல் ‘தன்னொளி பெற்ற ஞானி’ என்ற தொல்படிமத்துக்குள் ரமணரை நிறுத்துவது எளிது. ஆனால் அப்படி நிறுத்தியதில் ரமணரைப் பற்றிய அறிவு ஓர் அடியும் முன்னேறவில்லை. மானிடவியலின் முதல் விதி, போய்ப் பார்த்துக் கேள் என்பது. அது மீறப்பட்டது. யுங்கை ஆழமாக மதிப்பவர்களுக்கே இது அதிகம் வலிக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பகுப்பாய்வு உளவியல் பொருள்கோள் சார்ந்தது, இயற்கை அறிவியலின் அளவுகோலை அதன்மேல் வைப்பது முறையல்ல என்பார்கள். பொருள்கோளுக்கு இடம் உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பொருள்கோளும் கட்டற்றதன்று. பனுவலியலும் சமய வரலாறும் பொருள்கோள் துறைகளே. பாடபேதம், காலம், பரவிய வழி ஆகியவற்றில் அவை காட்டும் கண்டிப்பு எந்த ஆய்வகத்துக்கும் குறைந்ததில்லை. யுங்கே தம்மை அனுபவ அறிவியலாளர் என்று அழைத்துக்கொண்டவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிற துறைகளின் தீர்ப்புரிமையை ஏற்ற ஆய்வுகள் யுங்கியர்களிடையே வளர்ந்துள்ளன. டேவிட் ரோசனும் சக ஆய்வாளர்களும் 1991இல் நாற்பது குறியீடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பங்கேற்றவர்களால் குறியீட்டின் பொருளை ஊகிக்க முடியவில்லை. ஆனால் சரியான சொல்லோடு இணைத்துக் காட்டியபோது நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். பண்பாட்டில் அறியாமல் கற்றதன் விளைவாகவும் இது இருக்கலாம் என்ற ஐயம் தீரவில்லை. ஆனால் வாதம் நடக்கும் களம் சரியானது. ஜீன் நாக்ஸ் 2003இல் தொல்படிமத்தைப் பிறவியிலேயே வரும் உள்ளடக்கமாகக் கொள்ளாமல், குழந்தையின் தொடக்கக்கால வளர்ச்சியில் உருவாகும் படிமக் கட்டமைப்பாக விளக்கினார். தொல்படிமங்கள் உயிரியல் வழியைவிடப் பண்பாட்டு வழியில்தான் கடத்தப்படுகின்றனவா என்று கிறிஸ்டியன் ரோஸ்லர் 2012இல் வெளிப்படையாகக் கேட்டார். அதை வெளியிட்டது யுங்கியர்கள் 1955இல் தொடங்கிய அவர்களுடைய இதழே. ஒரு மரபு தன் அடிப்படைக் கருத்தையே தன் இதழில் சோதனைக்கு உட்படுத்துவது, அதன் உயிர்ப்புக்கு அடையாளம்.

தமிழில் தொல்படிம அணுகுமுறையில் ஆய்வேடு எழுதுவோருக்கு இவ்வாதம் நேரடியாகப் பொருந்தும். திரௌபதி அம்மனைத் ‘தாய்த் தொல்படிமம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் செஞ்சி வட்டாரத்தில் பாரதக் கூத்தும் தீமிதியும் எந்த வரிசையில் நிகழ்கின்றன, அரவான் களப்பலி எந்த இரவில் வருகிறது, வேண்டுதல் எடுப்பவர் யார், பாரதம் படிப்பவர் எந்தப் பனுவலைக் கையில் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் தெரியாமல் அந்த வரி வெறும் பெயர் சூட்டல். ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988இல் வெளியிட்ட நூல் இவ்வழிபாட்டை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தது; அதற்குப் பிறகும் களத்துக்குப் போகாத ஆய்வுக்கு நியாயம் சொல்ல முடியாது. உளவியல் கருத்தாக்கத்தை நாட்டார் வழக்காற்றுக்கோ சங்கப் பனுவலுக்கோ பொருத்தும் ஆய்வேடுகளின் தேர்வாளர்களில் ஒருவரேனும் அச்சான்று வந்த துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று நம் பல்கலைக்கழகங்கள் விதி செய்ய வேண்டும்; ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் அந்த விதிக்குக் காத்திராமல் கட்டுரைகளை அப்படியே மதிப்பீட்டுக்கு அனுப்பலாம்.