குளிரில் அலைந்த பெரும்புலவர்

ஜெர்மன் மொழியில் காதலையும் அரசியலையும் பாடிப் புகழ்பெற்றவர் வால்தர் ஃபோன் டெர் ஃபோகல்வைட. சுமார் 1170-ல் பிறந்தவர். போப்பாண்டவரையே பாட்டில் கண்டித்த துணிச்சல்காரர். ஆனால் குந்த ஒரு குடிசை கிடையாது. அரண்மனை அரண்மனையாகப் பாடிப் பிழைத்தார்.

அவர் காலத்து ஆவணங்களில் அவர் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் கிடைத்திருக்கிறது. எதிலே தெரியுமா? செலவுக் கணக்கிலே! 1203 நவம்பர் 12-ல், ரோமத்தோல் அங்கி வாங்கிக்கொள்ளட்டும் என்று பாசாவ் நகர ஆயர் வொல்ஃப்கர் பணம் கொடுத்தார். அதை நம்ம கிராணியார் மாதிரி ஒருவர் எழுதிவைத்தார். அவ்வளவுதான் சாட்சி!

தனக்கென்று ஒரு வீடு வேண்டுமென்று பாட்டிலேயே கூசாமல் கேட்டார். 1220 வாக்கில்தான் மன்னர் இரண்டாம் ஃபிரடெரிக் மானியம் கொடுத்தார். வயசு அப்போது ஐம்பது. இனிக் குளிருக்குப் பயமில்லை என்று அதற்கும் ஒரு பாட்டுக் கட்டினார்!