மண்டபத்துக்கு வெளியே நின்றவர்கள்

சென்ற விடுமுறைக் காலத்திலே என் பழைய மாணவன் ஒருவன் பாடசாலைக்கு வந்து என்னைக் கண்டான். உடப்புக் கரையிலே பிறந்தவன். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன். இப்பொழுது பல்கலைக்கழகமொன்றிலே பயில்கின்றான். அங்குள்ள தமிழ் மாணவர் சங்கத்துக்குச் செயலாளனாகத் தன்னைத் தெரிவு செய்திருப்பதாக மகிழ்ச்சியோடு கூறிவிட்டு, "சேர், சங்கத்தை நடத்துவதற்கு ஏதாவது வழி சொல்லுங்கள்" என்று கேட்டான். அறிவுரை கூறுவதிலும் பார்க்க வரலாறொன்றைக் கூறுவதே நன்றென எனக்குத் தோன்றிற்று. அவனுக்கு அன்று கூறியதையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகின்றேன்.

1924ஆம் ஆண்டிலே இலங்கையில் முழுமையான பல்கலைக்கழகம் எதுவும் இருக்கவில்லை. 1921இல் கொழும்பிலே தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1942இலேதான். ஆயினும், யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிலே படித்து முடித்த இளைஞரும், படித்துக்கொண்டிருந்த மாணவரும், இளம் ஆசிரியரும் ஒன்றுகூடி 1924இல் மாணவர் காங்கிரஸ் என்னும் அமைப்பை உருவாக்கினர். அதற்கு உயிர்நாடியாக விளங்கியவர் ஹன்டி பேரின்பநாயகம். 1899இல் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது இருபத்தைந்துதான். பிற்காலத்திலே தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயராகிய சபாபதி குலேந்திரன், கந்தரோடை ஸ்கந்தவரோதயக் கல்லூரி அதிபராகப் புகழ்பெற்ற 'ஒறேற்றர்' சுப்பிரமணியம் முதலியோரும் அந்த இளைஞர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. கிறித்தவரும் சைவரும் ஒரே மேடையில் அமர்ந்தனர். அக்காலத்து யாழ்ப்பாணத்திலே அது சிறிய செயலன்று.

அவர்கள் எடுத்துக்கொண்ட நோக்கங்களை இன்று படித்தாலும் வியப்பாகவே இருக்கின்றது. தீண்டாமையையும் சாதி வேற்றுமையையும் ஒழித்தல், உள்நாட்டு உடையையும் கைத்தொழிலையும் ஆதரித்தல், தமிழ் மாணவர் சிங்களமும் சிங்கள மாணவர் தமிழும் கற்றல், இலங்கைக்குப் பூரண சுயராச்சியம் வேண்டுதல் என்பன அவற்றுட் சில. பாடசாலைகளிலே தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் தரையிலும் ஏனையோர் வாங்கிலும் அமர்ந்த காலம் அது. எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்று இவ்விளைஞர் வெளிப்படையாகக் கூறினர். தம் சொந்த வீட்டுப் பெரியோரையே பகைத்துக்கொள்ளும் துணிவு அதற்கு வேண்டியிருந்தது.

சங்கத்தை அவர்கள் நடத்திய முறையும் கவனிக்கத்தக்கது. ஆண்டுதோறும் மாநாடு கூட்டினர். மாநாட்டுத் தலைமையைத் தமக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்ளாது, வெளியிலிருந்தும் பெரியோரை அழைத்தனர். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியின் அதிபராக விளங்கிய பி. டி எஸ். குலரத்ன போன்ற சிங்களக் கல்வியாளரையும் யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்துத் தலைமை தாங்கச் செய்தனர். வேலை இளைஞருடையது, தலைமை நாற்காலியோ மதிப்புக்குரிய விருந்தினருடையது. பதவிக்காகச் சண்டையிடும் சங்கங்களைக் கண்டு சலித்த நமக்கு இது நல்லதொரு முன்மாதிரியாகும்.

அவர்களுடைய ஆற்றலுக்குச் சான்றாக 1927ஆம் ஆண்டு அமைந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் மகாத்மா காந்தி கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்கு வருவதற்கு மாணவர் காங்கிரசின் அழைப்பே முக்கிய காரணமாயிற்று. நம்முடைய மாவட்டத்துச் சிலாபமும் அப்பயணத்திலே அவரை வரவேற்கும் பேறு பெற்றது. காந்தியடிகள் மாதக் கடைசியில் யாழ்ப்பாணம் சென்று, மாணவர் காங்கிரசின் கூட்டத்திலும் பல கல்லூரிகளிலும் பேசினார். இத்தகைய வருகையொன்றை ஏற்பாடு செய்வதென்றால் எத்தனை கடிதங்கள், எத்தனை கூட்டங்கள், எத்தனை வீட்டுப் படிகள் ஏறி நிதி சேர்த்தல், எத்தனை கணக்கு வழக்கு! மேடையிலே முழங்குவோர் பலராயினும், இவ்வேலைகளைப் பொறுமையோடு செய்வோராலேயே ஒரு சங்கம் நிலைபெறுகின்றது.

பின்னர் அவ்வமைப்பு வாலிபர் காங்கிரஸ் என்னும் பெயரைப் பெற்றது. 1931இல் அதற்குப் பெருஞ் சோதனை வந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி புதிய அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வரவிருந்தது. அதன்படி அரசாங்க சபைக்கு 50 உறுப்பினர் வாக்கெடுப்பினாலே தெரிவு செய்யப்படுவர். ஆனால் அத்திட்டம் பூரண சுயராச்சியத்தை வழங்கவில்லை. தேசாதிபதியின் கையிலே பெரும் அதிகாரங்களை விட்டுவைத்தது. அவ்வாண்டு ஏப்பிரில் மாதத்திலே கூடிய மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்தியாயா தலைமை தாங்க வந்தார். இந்திய விடுதலைப் போரின் வேகம் பாக்குநீரிணையைக் கடந்து வீசிய நேரம் அது. சுயராச்சியம் தராத தேர்தலைப் பகிஷ்கரிப்பது என்று மாநாடு தீர்மானித்தது.

மே மாதம் 4ஆந் திகதி நியமன நாள். இடையே இருந்தவை சில தினங்களே. போட்டியிட எண்ணியிருந்தவர்களும் பின்வாங்கினர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. பதவியும் செல்வமும் படைத்த முதியோரை இளைஞர் அமைப்பொன்று இவ்வாறு கட்டுப்படுத்தியமை இலங்கை வரலாற்றிலே அரியதோர் நிகழ்ச்சி. அன்று அவ்விளைஞர் பெற்ற வெற்றி முழுமையானது.

ஆனால், நேயர்களே, வெற்றியின் மறுநாளிலேதான் சங்கத் தலைவனின் உண்மையான பொறுப்புத் தொடங்குகின்றது. தென்னிலங்கையிலே பாராட்டியோர் இருந்தனர். உடன் சேர்ந்து பகிஷ்கரித்தோர் இல்லை. நாட்டின் ஏனைய பகுதிகளிலே தேர்தல் நடைபெற்றது. தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் 46 பேரோடு சபை கூடிற்று. யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. அவை நிரம்புவதற்கு 1934இல் இடைத்தேர்தல் நடைபெறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்பின் வாலிபர் காங்கிரசின் செல்வாக்கும் படிப்படியாகத் தேய்ந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சுயராச்சியம் என்று அது பேசிய குரலுக்குப் பதிலாக, இனவாரியான பிரதிநிதித்துவம் பற்றிய குரலே பின்னர் ஓங்கி ஒலித்தது.

இதனிலும் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அதே 1931ஆம் ஆண்டுத் திட்டந்தான் இருபத்தொரு வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமையைக் கொண்டுவந்தது. ஏழைக்கும், எழுத்தறியாதவருக்கும், வீட்டுக்குள்ளே அடைபட்டிருந்த பெண்ணுக்கும், தரையிலே அமர்த்தப்பட்ட பிள்ளையின் தாய் தந்தையருக்கும் முதன்முதலாக ஒரு வாக்குக் கிடைத்தது. எவருடைய சமத்துவத்துக்காக வாலிபர் காங்கிரஸ் பாடுபட்டதோ, அந்த மக்களே யாழ்ப்பாணத்தில் தம் முதல் வாக்கை அளிக்க மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. மண்டபத்துக்குள்ளே அமர்ந்து தீர்மானத்தை நிறைவேற்றியோர் கற்றவர்கள். தூய நோக்கம் உடையவர்கள். ஆயினும் அத்தீர்மானத்தின் விலையிற் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் மண்டபத்துக்கு வெளியே நின்றவர்கள்.

அவ்விளைஞரைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. நான் பல்கலைக்கழகத்திலே பயின்ற காலத்தில், எங்கள் சங்கத்தின் செயற்குழுவிலே ஒரு பூசல் எழுந்தது. ஓரிரவு பதினொரு பேர் கூடி, ஆண்டு விழாவைக் கைவிடுவது என்று தீர்மானித்தோம். நானும் கை உயர்த்தினேன். மறுநாட் காலையிலே முதலாம் வருட மாணவி ஒருத்தி வந்து, "அண்ணா, ஆறு கிழமையாக நாடகம் பழகினோமே, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றாள். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழிந்தும் அக்கேள்வியை நான் மறந்தேனல்லேன்.

ஆதலால் என் மாணவனுக்கு நான் சொன்னவை சிலவே. கூட்ட அறிவித்தலை எல்லோருக்கும் எட்டுமாறு முன்னரே கொடு. அறிக்கைப் புத்தகத்திலே எதிர்த்துப் பேசியவரின் கருத்தையும் எழுதிவை. காசுக் கணக்கைக் கேட்குமுன் காட்டு. பெருந்தீர்மானம் எதனையும் ஒரே கூட்டத்தின் சூட்டிலே முடிக்காதே. ஒருமுறை ஆறவிட்டு மறுமுறை கேள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாக்கெடுக்குமுன் இக்கேள்வியை உரக்கக் கேள்: "இத்தீர்மானத்தின் சுமை யாருடைய தோளில் விழும்? அவர் இங்கே இருக்கின்றாரா? இல்லையேல் அவரிடம் போய்க் கேட்டோமா?"

அவன் சிறிது நேரம் மௌனமாயிருந்தான். பிறகு, "எங்கள் கரைவலையைப் போலத்தான், சேர்" என்றான். அவன் கூறியது சரியே. கரைவலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டத்தார் கரையிலே நின்று இழுக்கின்றனர். ஒரு பக்கத்தார் எவ்வளவு வலிமையுடையவராயினும், மறுபக்கத்தாரைப் பாராது முந்தி இழுத்தால் வலை கோணும், மீன் தப்பிவிடும். இரு பக்கமும் ஒரே கதியில் வருவதற்காகவே அம்பா பாடுகின்றனர். 1931இலே யாழ்ப்பாணத்து இளைஞர் தம் கயிற்றை மிகுந்த வலிமையோடு இழுத்தனர். மறு கயிற்றைப் பிடித்திருந்தவரோடு பாட்டு ஒத்துவரவில்லை.

ஹன்டி பேரின்பநாயகம் பிற்காலத்திலே கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கி, 1977இல் காலமானார். இளமையிலே தாம் கொண்ட இலட்சியங்களை அவர் முதுமையிலும் கைவிடவில்லை. அந்த உறுதியை நம் மாணவர் அவரிடமிருந்து கற்கட்டும். வெளியே நிற்பவரையும் எண்ணிப் பார்க்கும் நிதானத்தை அவ்வமைப்பின் வரலாற்றிலிருந்து கற்கட்டும். இரண்டும் ஒருங்கே வாய்த்த மாணவர் தலைமையே நாளைய நாட்டுக்கு நல்ல தலைமையாகும்.