பெற்றோர் அறியப்படாத மூதாதையர் (குடிவழி மென்பொருள்)

தாய், தந்தை இருவருமோ ஒருவரோ இன்னாரெனத் தெரியாத நிலையில் குடிவழி மென்பொருளில் பதியப்படும் முன்னோர்.

வகைகள்: ஒருவர் மட்டும் அறியப்பட்டவர், இருவரும் அறியப்படாதவர், பெற்றோர் அறியப்படாவிடினும் உடன்பிறந்தோர் அறியப்பட்டவர்.

பதிவுமுறை: 1984இல் வெளியான, குடிவழித் தரவுகளைப் பரிமாறப் பயன்படும் ஜெட்காம் வடிவத்தில் குடும்பப் பதிவுக்குக் கணவன், மனைவி பெயர்கள் கட்டாயமல்ல, பிள்ளைகளை மட்டும் இணைத்து உடன்பிறப்பைக் காட்டலாம். பிரான்சில் உருவான ஜெனிவெப் என்னும் குடிவழி மென்பொருள், தெரியாத பெயருக்குக் கேள்விக்குறி இடுகிறது. ‘தெரியாது’ என்பதைப் பெயராக எழுதினால் தேடலில் வெவ்வேறு ஆட்கள் ஒருவராகப் பொருந்தக்கூடும். முன்னோருக்கு எண்ணிடும் சோசா எண்முறையில் (1676) ஒருவரின் எண் 5 எனில் தந்தை 10, தாய் 11. ஆள் தெரியாவிடினும் அவ்வெண் வேறெவருக்கும் செல்லாது.

புலம்பெயர் தமிழர்: பாரிசின் லா சப்பல், புறநகரான வில்லியே லே பெல் ஆகிய இடங்களோடு தொடர்புடைய ஈழத்தமிழ் அகதிகளுக்குப் பிறப்புச் சான்றுக்கு ஈடான ஆவணத்தை, 1952இல் அமைந்த பிரெஞ்சு அகதிகள் அலுவலகமான ஒஃப்ப்ரா வழங்குகிறது. முந்திய தலைமுறைகளுக்கு இலங்கைப் பிறப்பு, திருமணப் பதிவுகளும் காணி உறுதிகளும் சான்றாகின்றன. பெரும்பாலும் தந்தை பெயரே பிரெஞ்சு ஆவணத்தில் குடும்பப்பெயராக அமைவதால், தந்தைவழியில் ஒரு பெயரேனும் எஞ்சுவதுண்டு. தாய்வழிக்கு அவ்வாய்ப்புக் குறைவு.